நண்டுக்குக் கொடுக்கு முளைக்கும்

1994 மார்ச் 12, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். எண்ணிப் பார்த்துவிட்டேன். பத்தொன்பது பேருடைய வாழ்க்கையை நான் எழுதியிருக்கிறேன்.

மகன், இந்தக் கடிதம் உனக்கு. ஆனால் உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை, யாரும் வாசிக்கலாம். நேற்று முன்தினம் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "திங்கட்கிழமை நான் போறன்" என்றாய். எங்கே என்று அம்மா கேட்கவில்லை. எங்கள் வீட்டில் சந்திக் கடைக்குப் போகிறவன்கூட "போட்டு வாறன்" என்றுதான் சொல்வான். பதினேழு வயதுப் பிள்ளை வெறுமனே "போறன்" என்றால் இந்த ஊரில் எந்தத் தாயும் எங்கே என்று கேட்பதில்லை, இயக்கத்தில் சேர்ந்து சண்டைக்குத்தான் என்று தெரியும். நான் கத்தினேன். எனக்கு வாய் திறக்குமுன் கோபம் வந்துவிடும். இறுகிப்போன ஆணியோடு மல்லுக்கட்டுகிற மாதிரித்தான் மனிதரோடும் பேசுவேன், இது உனக்குப் புதிதல்ல. கத்தியதில் சொல்லவேண்டியது பாதியில் நின்றுவிட்டது. மீதியை எழுதலாம் என்று இன்று காலை மேசையில் இருந்தபோது அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். "பொடியனை மறிக்கிறதெண்டால் காலிலை விழுந்து மறியுங்கோ. கடதாசி எழுதி மறிக்கிற தேப்பனை நான் இண்டைக்குத்தான் காணுறன்" என்றாள். அவள் சொன்னது சரியாக இருக்கலாம். காலில் விழுவது எப்படி என்று எனக்குத் தெரியாது. எழுதத் தெரியும். எல்லாப் பிழையும் அங்கேதான் தொடங்கியது.

முதலில் கொடுக்கரைப் பற்றிச் சொல்கிறேன். 1983 ஆடியில் உனக்கு ஆறு வயது, எனக்கு இருபத்தேழு. கொழும்பில் தட்டச்சு இயந்திரங்களும், பிரதி எடுக்கிற ரோனியோ மெசின்களும் திருத்துகிற வேலை எனக்கு. நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை எரித்தார்கள். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சில நாள் கிடந்துவிட்டுக் காங்கேசன்துறைக்கு வருகிற கப்பலில் ஏறினோம். உன் காலில் ஒரு சப்பாத்துத்தான் இருந்தது. மற்றது எங்கே, மற்றது எங்கே என்று அழுதுகொண்டே வந்தாய். வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை, சப்பாத்தைப் பற்றித்தான். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "ஒற்றைக் கொடுக்கோடை ஒரு நண்டர் இருக்கிறார். அவர் உன்னை மாதிரி அழுறவரோ?" என்றேன். அழுகை நின்றது. "மற்றக் கொடுக்கு எங்கை?" என்றாய். ஒரு குஞ்சு மீன் பொறிக்குள் மாட்டிக்கொண்டது, அதை விடுவிக்கப் போனவர் கொடுக்கை அங்கேயே விட்டுவிட்டு வந்தார் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். "நோகேல்லையோ?" "நோகும். ஆனால் திரும்ப முளைக்கும்." இந்த ஒரு இடத்தில் நான் பொய் சொல்லவில்லை. நண்டுக்குக் கொடுக்கு முளைக்கும். ஓட்டைக் கழற்றும்போது சின்னதாக ஒன்று வரும், அடுத்த முறை கழற்றும்போது அதைவிடப் பெரிதாக வரும். விலங்கியல் புத்தகத்தில் இருக்கிறது.

கப்பலில் பிறந்த கொடுக்கர் பருத்தித்துறைக்கு எங்களோடு வந்து வளர்ந்தார். நான் கதை சொல்லுகிற ஆள் இல்லை. ஆனால் நீ விடமாட்டாய். பின்னேரம் நான் அங்கே போட்டிருந்த திருத்தல் கடையை மூடிவிட்டு வந்து சைக்கிளைச் சாத்துமுன் ஒழுங்கைப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரோடு படலையில் நிற்பாய். கொடுக்கர் ஏன் பக்கவாட்டில் நடக்கிறார்? நேரே போகிறவனைத்தான் ஆமிக்காரர் மறித்து அடையாள அட்டை கேட்பார்கள், பக்கத்தால் போகிறவனை ஒருவரும் கேட்கமாட்டார்கள். அதற்கு நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். சாப்பாட்டைப் பங்கிடும்போது கொடுக்கர் தன் பங்கை மற்றவர்களுக்குத் தள்ளிவிட்டு, "எனக்கு வயிறு சின்னன்" என்பார். அலை வரும்போது எல்லாரையும் வளைக்குள் அனுப்பிவிட்டு, "போங்கோ, போங்கோ, நான் கடைசி" என்பார். இந்த இரண்டு வசனமும் ஒழுங்கை முழுக்கப் பரவின. ஒருநாள் ஹெலி வந்து சுடத் தொடங்கியது. பின்வளவில் வெட்டியிருந்த பங்கருக்குள் பிள்ளைகளை இறங்கச் சொன்னால் ஒருவரும் இறங்கவில்லை. "நான் கடைசி." "இல்லை, நான்தான் கடைசி." வாசலில் நின்று சண்டை. உன் முதுகில் ஓங்கி ஒன்று போட்டுத் தள்ளித்தான் இறக்கினேன். அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும், பிள்ளைகள் கதையைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதில்லை என்று. விளங்கவில்லை. எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது இயக்கத்துப் பொடியன்கள் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். அதுவரை நான் ரியூசன் குறிப்புகளும் கோயில் நோட்டீசும்தான் ரோனியோவில் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு துண்டுக் கடதாசியைத் தந்தார்கள். பெயர், இயக்கப் பெயர், ஊர், சேர்ந்த மாதம், இறந்த இடம். ஐந்தே விடயம். மூன்று மணிக்குச் சவ ஊர்வலம், அதற்குள் வாழ்க்கை வரலாறு ஒரு பக்கம் அடித்துத் தரவேண்டும். "மிச்சம் எங்கை?" என்றேன். "மிச்சம் நீங்கள் போடுங்கோ அண்ணை. நல்ல பொடியன். எல்லாருக்கும் உதவி செய்யிறவன்." "என்ன உதவி?" அவன் மற்றவனைப் பார்த்தான். மற்றவன், "உதவிதான்" என்றான். எனக்குப் பாதி வெறுமையாகக் கிடக்கிற தாள் பிடிக்காது. அது தொழில் பழக்கம். ரோனியோவுக்கு எழுத்து வெட்டுகிற மெழுகுத் தாள் கிடைப்பதே அரிது, ஒன்றை எடுத்தால் கடைசி வரி வரை தட்டி முடிப்பேன். இருபத்தெட்டு வரி பிடிக்கும். ஐந்து வரி அவர்கள் தந்தது. மிச்சம் இருபத்து மூன்று. மணி பன்னிரண்டரை. நான் யோசிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் தன் சோற்றுப் பார்சலைப் பசித்த பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, "எனக்கு வயிறு சின்னன்" என்று சிரிப்பவன் என்று தட்டினேன். சுற்றிவளைப்பில் தோழர்களை அனுப்பிவிட்டு, "நீங்கள் போங்கோ, நான் கடைசி" என்றவன் என்று தட்டினேன். பதினைந்து நிமிடத்தில் பக்கம் நிரம்பியது. வந்தவர்கள் வாசித்தார்கள். "அவன் உப்பிடித்தான் அண்ணை" என்றான் ஒருவன். அவன் கண் கலங்கியிருந்தது. நான் பெருமைப்பட்டேன். அதை மறைக்கமாட்டேன்.

ஒரு கிழமை கழித்து அந்தப் பொடியனின் தாய் கடைக்கு வந்தாள். கடற்கரைப் பக்கத்து மனிசி. கையில் என் தாள், நாலாக மடித்தது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. மகள் வாசித்துக் காட்டியிருக்கிறாள். "தம்பி, உதை எழுதினது நீர்தானோ?" ஓம் என்றேன். "பள்ளிக்கூடத்திலை சோத்தைக் குடுத்துப்போட்டு இருந்தவன் எண்டு கிடக்கு. ஆர் சொன்னது?" கூடப் படித்தவர்கள் சொன்னார்கள் என்றேன். ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. அவள் கடை வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் இருந்தாள். "அவன் பள்ளிக்கூடத்தாலை வந்து பசி, பசி எண்டு பானையை உருட்டுவான். விடியக் கட்டித் தந்த சோறு எங்கையடா போனது எண்டு நான் அகப்பையாலை அடிச்சிருக்கிறன். ஒருநாள் நெத்தி வெடிச்சது. ஒரு சொல்லுச் சொல்லேல்லையே தம்பி. குடுத்துப்போட்டு வந்திருக்கிறான். நான் அடிச்சிருக்கிறன்." அவள் அழவில்லை. திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். "அம்மா, அது பொய், நான் எழுதினது" என்று அவளிடம் சொல்ல ஒரு மூச்சுப் போதும். சொன்னால் இயக்கத்துக்குத் தெரியவரும் என்ற பயம் கொஞ்சம். நான் எழுதியது பொய் என்று ஊருக்குத் தெரியவரும் என்ற வெட்கம் அதைவிடக் கூட. அவள் தாளை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனாள். இன்றைக்கும் சந்தையில் என்னைக் கண்டால் நின்று, "என்ரை பிள்ளையைப் பற்றி எழுதின தம்பி" என்று பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சொல்கிறாள். நான் மீன் வாங்காமல் திரும்பி வந்த நாட்கள் உனக்கு ஞாபகம் இருக்கும். விலை கூட என்று அம்மாவிடம் சொன்னேன். அதுவும் பொய்.

அதற்குப் பிறகாவது நிறுத்தினேனா? இல்லை. இடையில் சில வருடம் துண்டுக் கடதாசி ஒன்றும் வரவில்லை, பிறகு அடுக்கடுக்காக வந்தது. கடதாசி இல்லாத காலம், பழைய அப்பியாசக் கொப்பியின் கோடு போட்ட தாளில் அடித்தேன். மை முடிந்தபோது விளக்குக் கரியையும் எண்ணெயையும் குழைத்து அடித்தேன். தொழில்காரன் என்ற திமிர்: எது இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். நீ ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி எடுத்துக் கோப்பில் போட்டு வைத்தாய். பதின்மூன்று வயதில் பேச்சுப் போட்டிக்கு அதில் ஒன்றைப் பாடமாக்கினாய். "நீங்கள் போங்கோ, நான் கடைசி" என்று நீ மேடையில் நின்று சொன்னபோது மண்டபத்தில் மூக்குறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பக்கத்துக் கதிரையில் இருந்தவர் என் தொடையில் தட்டி, "பொடியனுக்கு நல்ல குரல் காணும்" என்றார். நான் கை தட்டினேன். என் பிள்ளை முதலாம் பரிசு வாங்குகிறான், அது மட்டும்தான் அந்த நேரம் தெரிந்தது.

இப்போது சொல்லப்போவதை அம்மாவுக்கும் நான் சொன்னதில்லை. போன வருடம் தொண்டைமானாற்றுப் பொடியன் ஒருவன் இயக்கத்தினுடைய தட்டச்சு இயந்திரத்தைத் திருத்தக் கொண்டு வந்தான். உதிரிப் பாகம் கொழும்பிலிருந்து வராது. இரும்புத் துண்டை அராவித்தான் செய்யவேண்டும். மூன்று நாள் வந்து காத்திருந்தான். உன்னைவிட ஒரு வயது கூட இருக்கும். பத்து விரல் நகத்தையும் சதை தெரியக் கடித்து வைத்திருந்தான். குண்டு போடுகிற பொம்மரின் சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் ஒரே மேசைக்குக் கீழே புகுந்தோம். அவன் என் கையைப் பிடித்தான். சத்தம் போன பிறகும் விடவில்லை. பிறகு வெட்கப்பட்டு, "நீங்கள் பயந்திடுவியள் எண்டுதான் பிடிச்சனான் அண்ணை" என்றான். நல்ல பகிடிக்காரன். மூன்றாம் நாள், நான் அராவிக்கொண்டு குனிந்திருக்கிறேன், மெல்லக் கேட்டான்: "அண்ணை, ஒருத்தன் வீட்டை திரும்பிப் போகவேணும் எண்டு கேட்டால் என்ன செய்வினம்?" எனக்குத் துண்டு பொருந்தவில்லை, நாலாவது தடவை. "எனக்கென்ன தெரியும், உங்கடை ஆக்களைக் கேள்" என்றேன். தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஓம், கேக்கிறன்" என்றான். மெசினைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான். கேட்டானோ தெரியாது. எட்டுக் கிழமையில் அவனுடைய துண்டுக் கடதாசி வந்தது. பெயர், இயக்கப் பெயர், ஊர், சேர்ந்த மாதம், இறந்த இடம்.

அவனைப் பற்றி எனக்குத் தெரிந்தவை இருந்தன. பத்தொன்பது பேரில் நான் முகம் கண்டு பேசியது அவன் ஒருவனோடுதான். நகம் கடிப்பான், பகிடி விடுவான், பயந்தால் பக்கத்தில் இருப்பவனின் கையைப் பிடிப்பான், வீட்டுக்குப் போக விரும்பினான். ஒன்றையும் எழுதவில்லை. "வீட்டை ஒருநாளும் திரும்பிப் பார்க்காதவன்" என்று எழுதினேன். ஏன் அப்படி எழுதினேன் என்று ஒரு வருடமாக யோசிக்கிறேன். அவன் கேட்ட கேள்வி என் காதில் விழவேயில்லை என்று ஆக்கத்தான். வியாழக்கிழமை நீ வெளியே போன பிறகு உன் கோப்பைத் திறந்து பார்த்தேன். அந்த வசனத்துக்குக் கீழே பென்சிலால் இரண்டு கோடு போட்டிருக்கிறாய்.

வியாழன் நான் கத்தியது இதைத்தான், ஆனால் அரைகுறையாக. "உதெல்லாம் நான் எழுதினது, கொடுக்கர்ரை கதை, நீ நண்டை நம்பிப் போறாய்" என்றேன். நீ ஆச்சரியப்படுவாய் என்று நினைத்தேன். நீ மிகவும் அமைதியாக, "தெரியும் அப்பா. ஒன்பது வயதிலையே தெரியும். 'எனக்கு வயிறு சின்னன்' எண்டு வேறை ஆர் சொல்லுறது?" என்றாய். "தெரிஞ்சும் போறியோ?" "கதை உங்கடை. செத்தது அவங்கள். அதுவும் பொய்யோ?" பதிலுக்குத் தேத்தண்ணிக் கோப்பையைத்தான் எறிந்தேன். அம்மா துண்டுகளைப் பொறுக்கும்போது நீ கூட இருந்து பொறுக்கினாய். நான் நின்று பார்த்தேன்.

இரண்டு நாள் பிந்திப் பதில் சொல்கிறேன். செத்தது பொய்யில்லை. காரணம் இல்லை என்றும் சொல்லமாட்டேன். எரிகிற வீட்டைப் பார்த்தவன் நான். போன மாதம் குண்டு விழுந்த இடத்தில் ஓடு கிளறியவன் நீ. காரணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறவனை என்னால் மறிக்க முடியாமல் போகலாம். ஆனால் நான் தட்டிய வசனத்தைப் பிடித்துக்கொண்டு போகிறவனை மறிக்க எனக்கு உரிமை இருக்கிறது. நீ அவர்களில் ஒருவனையும் அறியமாட்டாய், மகன். பானையை உருட்டியவனை உனக்குத் தெரியாது. என் கையைப் பிடித்தவனை உனக்குத் தெரியாது. அவர்கள் இருந்த இடத்திலெல்லாம் நான் ஒரு நண்டை வைத்துவிட்டேன். அந்த நண்டுக்கு நோகும், ஆனால் முளைக்கும். கடைசியாக வரும், ஆனால் வந்து சேரும், ஏனென்றால் அடுத்த நாள் பின்னேரம் நீங்கள் படலையில் நிற்பீர்கள், நான் அதை உயிரோடு கொண்டுவரவேண்டும். பத்தொன்பது பேரில் ஒருவரையும் அடுத்த நாள் பின்னேரம் கொண்டுவர என்னால் முடியவில்லை. நீ கோடு போட்ட வசனத்தில் துணிவு இல்லை. என் வெட்கம்தான் இருக்கிறது.

புத்திமதி சொல்கிற தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் தகப்பன் என்பதால் ஒன்று சொல்கிறேன். தெரியாத இடத்தைத் தெரியாத இடமாகவே விடப் பழகு. யாரோ ஒருவன் அதை நன்றாக நிரப்பித் தந்தால், அவனுக்கு நேரம் போதாமல் இருந்ததா, பயமாக இருந்ததா என்று கேள். நான் உன்னிடம் கேட்பது இவ்வளவுதான்: இனிமேல் நான் செய்யப்போவதைப் பார்த்துவிட்டு முடிவு எடு. திங்கட்கிழமை என்பது நீயே வைத்த நாள், தள்ளி வைக்கலாம். தள்ளி வைக்காவிட்டாலும் கீழே உள்ளவற்றைச் செய்வேன்.

1. இன்று பின்னேரம் இந்தக் கடிதத்தை மெழுகுத் தாளில் தட்டுவேன். கைவசம் உள்ள தாள் முடியும்வரை பிரதி எடுப்பேன்.

2. முதல் பிரதியை இயக்கத்தின் அலுவலகத்தில் நானே கையெழுத்திட்டுக் கொடுப்பேன். இருக்கச் சொன்னால் இருப்பேன். விசாரித்தால், எழுதியது நான் மட்டும், வீட்டில் ஒருவருக்கும் இதில் பங்கில்லை என்பேன்.

3. விட்டால், நாளை விடியக் கடற்கரைக்குப் போய் அந்தத் தாயிடம், அவன் சோற்றைக் கொடுத்தானோ இல்லையோ எனக்குத் தெரியாது, அது நான் உண்டாக்கியது என்று சொல்வேன். பாரம் குறையுமோ கூடுமோ தெரியாது. அகப்பையால் அடித்தாலும் வாங்கிக்கொள்வேன்.

4. அங்கிருந்து தொண்டைமானாற்றுக்கு. அந்தப் பொடியன் வீட்டுக்கு வர விரும்பினான் என்று அவனுடைய தகப்பனுக்குச் சொல்வேன். என்னிடம் கேட்டான் என்பதையும், நான் நிமிரவில்லை என்பதையும்.

5. மற்றப் பதினேழு வீட்டுக்கும் ஒவ்வொன்றாகப் போவேன். இருக்கிறவர்களிடம் அவன் எப்படிப்பட்டவன் என்று கேட்பேன். சொன்னால் கேட்டுக்கொண்டு வருவேன். எழுதமாட்டேன்.

6. திங்கட்கிழமை காலை படலையைப் பூட்டமாட்டேன். நீ சைக்கிளை எடுத்தால் நானும் என் சைக்கிளில் உனக்குப் பின்னால் வருவேன். உன்னை உள்ளே எடுத்தால் வாசலில் இருப்பேன். எழும்பச் சொன்னால் வீதிக்கு மறுபக்கம் இருப்பேன். நீ வெளியே வரும்வரை, அல்லது அவர்கள் என்னைத் தூக்கிக்கொண்டு போகும்வரை, அங்கேதான். மத்தியானச் சோறு கொண்டுவந்து தருவாயா என்று அம்மாவிடம் இப்போதுதான் கேட்டேன். "ரெண்டு பேருக்கும் கொண்டு வாறன்" என்றாள்.